பூனைக்காகக் குளித்த மத்தியானங்கள்

என் பூனை தலையீற்றில் ஒரே ஒரு குட்டிதான் போட்டது.

மாசி மாதம். கும்பப்பூ நெல் களத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து இறங்கிக்கொண்டிருந்த வாரம். வீடெல்லாம் புது நெல்லின் சுணை. கழுத்தில், முழங்கை மடிப்பில், தலைமயிருக்குள் எல்லாம் அரிப்பு. ஒரு கையால் பிடரியைச் சொறிந்துகொண்டே என் மாமியார் மாட்டுத் தொழுவத்தில் குனிந்து பார்த்தார். வைக்கோலில் பூனை கிடந்தது. அதன் வயிற்றோடு ஒட்டி, ஊறப்போட்ட பருத்திக்கொட்டைபோல ஒரு குட்டி. மாமியார் பூனையைத் தூக்கி அந்தப் பக்கம் பார்த்தார், இந்தப் பக்கம் பார்த்தார். வைக்கோலைக் கிளறினார். மிச்சம் எங்கேயோ ஒளிந்துகொண்டிருக்கிறது என்பதுபோல.

"ஒண்ணுதானா?" என்றார்.

பூனை வாயைத் திறந்து, சத்தம் வராமல் மூடிக்கொண்டது. நானும் அதைத்தான் செய்தேன்.

முந்தைய ஆவணியில்தான் நான் தோவாளையிலிருந்து பூதப்பாண்டிக்கு வாழ வந்திருந்தேன். மாட்டு வண்டியில் ஒரு காலைப்பொழுதுத் தூரம். ஆனால் வாழப் போகிறவளுக்கு அது சீமைக்குப் போகிற தூரம். என் அப்பாவுக்குப் பூந்தோட்டம். பிச்சியும் அரளியும் மரிக்கொழுந்தும். குத்துவிளக்கு, உருளி, பாய் எல்லாம் வண்டியில் ஏறிய பிறகு கடைசியாக ஒரு பூக்கூடை ஏறியது. உள்ளே பிச்சி மொட்டுகளின் மேல், வெள்ளையும் கறுப்பும் மஞ்சளுமாக, மூன்று மாதக் குட்டி ஒன்று தூங்கியது. வழியில் மொட்டுகள் விரிந்தன. பூதப்பாண்டியில் கூடையைத் திறந்தபோது பூனை பூத்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ரதவீதித் திருப்பத்தில் நின்று பார்த்தவர்கள், பெண்ணைப் பார்ப்பதா பூனையைப் பார்ப்பதா என்று திண்டாடினார்கள்.

மாமியாருக்கு அன்றைக்குச் சந்தோஷந்தான். அந்த வீட்டில் ஆள் உயரத்துக்குப் பலகை அடித்த பெரிய பத்தாயம் இரண்டு. நிறைய நெல், அதைவிட நிறைய எலி. அவருடைய பழைய பூனை கிழடாகிச் செத்துப்போயிருந்தது. எங்கள் பக்கத்தில் பூனைக்குட்டியை யாரும் விற்பதில்லை, வாங்குவதில்லை. வயிறு தெரிந்ததும் வீட்டுக்கு வீடு சொல்லிவைப்பார்கள். சொல்லிவைத்தால் வாக்குக் கொடுத்த மாதிரி. பூனை சினையானது தெரிந்ததுமே மாமியார் சொந்தத்தில் ஐந்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார். ஐந்து வீட்டிலும் பத்தாயம், ஐந்து வீட்டிலும் எலி, ஐந்து வீட்டிலும் வாய்.

வந்தது ஒன்று. யாருக்குக் கொடுத்தாலும் மற்ற நாலு வீடும் முகம் திருப்பும் என்று, அதைக் கோயில் மடப்பள்ளிக்குக் கொடுத்தார். சாமிக்குக் கொடுத்தால் யார் கேட்பது?

கேட்டார்கள். என்னைக் கேட்டார்கள். மாமியார் எட்டுப் பெற்றவர், எட்டும் உயிரோடு கல்போல இருந்தன; என் வீட்டுக்காரர் ஏழாவது. நான் என் அம்மைக்கு ஒத்தைப் பிள்ளை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அதை ஒரு குறையாகச் சொன்னவர்கள் உண்டு. இப்போது பூனை அதற்குச் சாட்சி சொல்லிவிட்டது. கிணற்றடியில், கோயில் நடையில், உலக்கைச் சத்தத்துக்கு நடுவில் ஒரே பேச்சு: வந்தவளும் ஒத்தை, கொண்டுவந்ததும் ஒத்தை.

மாமியார் அப்படிச் சொல்லவில்லை. அவர் சொன்னது வேறு. ஒருநாள் சாயங்காலம் விளக்கைத் துடைத்துக்கொண்டே, அடங்கின குரலில் சொன்னார்:

"ஏட்டி, கன்னிப்பூ அறுப்புக்குள்ள அஞ்சு வீட்டுக்கும் குட்டி குடுத்தாகணும். நான் வாயால சொன்னது. இன்னொரு தரமும் ஒத்தைன்னா உங்க அப்பா பூ வண்டியில பூனையைத் திருப்பி ஏத்திவிட்டிருவேன். தேரூர்ல இருந்து வேற பூனை வரும்."

கன்னிப்பூ அறுப்பு புரட்டாசியில். நடுவில் ஆறு மாதம். அந்த வீட்டில் என் பிறந்த வீட்டு வாசனை தெரிந்த ஓர் உயிர் பூனைதான். நான் உட்கார்ந்தால் மடி, நின்றால் கால், படுத்தால் கழுத்து. அது திரும்பிப் போனால், பின்னாலேயே அந்தப் பேச்சு மட்டும் என்னோடு தங்கிவிடும். எனக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பூனைக்கு எத்தனை குட்டி பிறக்கும் என்பதை எது தீர்மானிக்கிறது என்று உலகத்தில் யாரும் அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டார்கள்.

வீட்டில் அதற்கு ஆளுக்கொரு விடை இருந்தது. மாமியாருக்கு அது வம்சம். தாய் எத்தனை பெற்றாளோ மகளும் அத்தனை. மாமனாருக்கு அது பஞ்சாங்கம். தேய்பிறையில் சேர்ந்தால் ஒன்று, வளர்பிறையில் சேர்ந்தால் மூன்று, பௌர்ணமியை ஒட்டினால் அதற்கும் மேலே. மாமனார் மூக்குப்பொடி போடுகிறவர். ஒரு சிட்டிகையை உறிஞ்சி, கண்ணை மூடி, தும்மல் வரும்வரை காத்திருந்து, தும்மிய பிறகுதான் முடிவைச் சொல்வார். அதனால் அவர் சொன்ன எதற்கும் ஒரு கனம் இருந்தது.

மூன்றாவது விடை தொழுவத்துக்குப் பின்னால் போகிற சந்து வழியாக வந்தது.

கடலோரக் கடப்புறத்திலிருந்து ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் கருவாடு கொண்டுவருவாள். கோட்டாறு வரை வண்டி, அங்கிருந்து நடை. தலையில் கடவம் என்கிற ஓலைப்பெட்டி, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிலுவை. எனக்கு ஒத்த வயது இருக்கும். எங்கள் தெரு சைவத் தெரு. அங்கே கூவ மாட்டாள். சந்து வழியாக வாயை மூடிக்கொண்டு விடுவிடென்று கடந்து, அடுத்த தெரு முக்கில்தான் குரலை எடுப்பாள். அவள் கடக்கும்போதெல்லாம் என் பூனை மதிலின் மேல் வாலைத் தூக்கிக்கொண்டு அவளோடு கூடவே ஓடும். ஒருநாள் அதைப் பிடிக்கப் போனேன். அவள் நின்றாள்.

"யக்கா, இது சோத்துப் பூனையாக்கும்," என்றாள். பார்த்த உடனே சொன்னாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். முதுகுமயிர் பொலிவில்லை, நடையில் துள்ளல் இல்லை, என்ன போடுகிறீர்கள் என்றாள். தயிர்ச்சோறு என்றேன். பருப்பும் நெய்யும் உண்டு என்று பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

"எலி பிடிக்காதா?"

பிடிக்கும். அதுதான் சங்கதி. எலியைப் பிடித்தால் பூனை நேரே கொண்டுவந்து மாமியாரின் கோலத்தின் நடுவில் வைக்கும். மாமியார் சிவசிவா என்று இடுக்கியால் அதைப் பிடுங்கித் தொழுவத்துக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைக்கச் சொல்வார். சைவ வீட்டில் வைத்து ஓர் உயிர் இன்னோர் உயிரைத் தின்னக் கூடாது. பூனை ஏமாந்து நிற்குமே என்று அதற்கு ஒரு கை தயிர்ச்சோறு கூடுதலாக வைப்பார். பாவம் பார்த்துத்தான் செய்தார். அத்தனை பேரும் பாவம் பார்த்துத்தான் அந்தப் பூனையைப் பட்டினி போட்டிருந்தோம்.

இதைச் சொன்னதும் அவள் கடவத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மதிலில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "பொதைப்பியளா? தேவாரமும் பாடுவியளா யக்கா?" பிறகு சொன்னாள், அவர்கள் கடப்புறத்தில் ஐந்துக்குக் குறைந்தால் அது பேறே இல்லை என்று. வலையிலிருந்து உதிர்கிற சாளையைத் தின்று பூனைகள் மாடுமாதிரி இருக்கும், ஒன்று ஏழு போட்டது, இன்னொன்று ஒன்பது போட்டது. அவள் பேசப் பேசக் குட்டிகள் பெருகிக்கொண்டே போயின. பாதியைத் தள்ளினாலும் எனக்குப் போதுமானதாக இருந்தது.

அங்கேயே பேசி முடித்தோம். என் அப்பா அனுப்புகிற பிச்சியில் ஒரு பொதி அவளுக்கு. மாதா சொரூபத்துக்கு மாலை கட்ட வேண்டும், உப்புக்காற்றில் பிச்சி வளராது என்று அவளுக்கு நெடுநாள் குறை. பதிலுக்கு என் பூனைக்குச் சாளைக் கருவாடும் நெத்திலித் தலையும். கிழிந்துபோன பழைய கடவம் ஒன்றையும் தந்தாள், ஒளித்து வைக்க. தொழுவத்து உத்திரத்தில் வைக்கோலுக்கு அடியில் அதைச் செருகினேன்.

"உப்பு போகணும் கேட்டியளா, ரெண்டு தரம் வெள்ளத்தில ஊறப்போட்டுப் பிழிஞ்சு குடுங்க. இல்லேன்னா சவத்துக்கு வயிறு போயிரும்."

முதல்நாள் சிரட்டையில் ஊறவைத்துப் பிழிந்து வைத்தபோது பூனை என்னைப் பார்த்த பார்வையை எழுத வராது. இத்தனை நாளாக இது எங்கே இருந்தது என்று கேட்டது. கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தின்றது. தின்று முடித்துச் சிரட்டையை நக்கியது, நக்கி முடித்து என் விரலை நக்கியது, ஒவ்வொரு விரலாக, நகக்கண்ணுக்குள் எல்லாம்.

விரல்தான் ஆபத்து. பிறந்ததிலிருந்து மீன் தொடாத கை. அதிலே ஒட்டிய வாசனை சீயக்காய்க்கும் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை. மாமனாரின் மூக்கைப் பொடி பார்த்துக்கொண்டது. மாமியாரின் மூக்கு அப்படியில்லை. நாலு வீட்டுக்கு அப்பால் சாம்பார் அடிப்பிடித்தால் அந்த வீட்டு மருமகளின் பேரைச் சொல்லும் மூக்கு. தவிரவும் மீனைத் தொட்ட கையோடு அடுக்களைக்குள் நுழைய எனக்கே மனம் கேட்காது. ஆகவே குளித்தேன். விடியற்காலையில் எல்லாரையும்போல ஒரு குளி. மத்தியானம் பூனைக்குப் படைத்த பிறகு, துணியைச் சுருட்டிக்கொண்டு பழையாற்றுக்குப் போய் இன்னொரு குளி. மஞ்சளைத் தேய்த்துத் தேய்த்து, கரையேறி, திருநீறு பூசி, தலை கொள்ளாமல் பிச்சி வைத்துக்கொண்டு வருவேன். ஆற்றிலிருந்து வரும் வழியில் கோயில். ஈரத்தலையோடு சும்மா தெருவில் நடந்தால் பார்க்கிறவர்கள் என்ன ஏதென்று கேட்பார்களே என்று ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவேன்.

மத்தியான ஆறு யாருக்கும் தெரியாத ஆறு. படித்துறையில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். காலையில் முதுகும் குடமும் துணியுமாக அடைத்துக் கிடக்கிற தண்ணீர், அந்த நேரத்தில் தன்பாட்டுக்குத் தாடகை மலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு படுத்திருக்கும். நான் இறங்கினால் மலை கலையும். நான் மூச்சடக்கி நின்றால் மலை திரும்பி வரும். அயிரைக்குஞ்சுகள் வந்து என் விரல் நுனியைத்தான் முதலில் கொத்தும், அவற்றுக்கும் தெரிந்திருந்தது. புதுப் பெண்ணுக்கு அந்த நாளில் தனியாக ஒரு நாழிகை என்பது எந்த வீட்டிலும் கிடையாது. பூனை எனக்கு அதைக் கொடுத்தது. நான் ஒரு கையளவு கருவாடு கொடுத்தேன், அது ஒரு நதியைக் கொடுத்தது.

என் வீட்டுக்காரர் நாகர்கோவிலில் வாத்தியார். சைக்கிளில் போய்வருவார். மூன்றாம் நாள் காலையில், வேட்டி சங்கிலியில் மாட்டாமல் மடித்துக் கட்டிக்கொண்டே, என் தலையைப் பார்த்துச் சொன்னார்: "இம்புட்டுப் பூ வச்சிருந்தா, பூவுக்கு அடியில என்னத்தையோ மறைக்கான்னு அர்த்தம்."

சொல்லிவிட்டேன். சைக்கிளைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் மணி தானாக அடித்தது. அன்றைக்குச் சாயங்காலம் வரும்போது ஓட்டையில்லாத தகர மூடி ஒன்று கொண்டுவந்தார், கடவத்தை மூட. அவ்வளவுதான் அவருடைய பங்கு; ஆனால் அது பெரிய பங்கு.

மாமியார் ஒன்றும் கேட்கவில்லை. தினமும் மத்தியானம் ஈரத்தலையோடு நான் வருவதைப் பார்த்தார். கோயில் சுற்றி வருவதை யாரோ சொல்லக் கேட்டார். நாலைந்து நாள் விரலை மடக்கி எண்ணியிருப்பார்போல. பிள்ளை வரம் வேண்டுகிற பெண்கள் ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள், ஈரப்புடவையோடு சன்னதி சுற்றுவது எங்கள் பக்கத்து வழக்கம். வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் பலிக்காது. ஆகவே அவரும் கேட்கவில்லை. தானாக ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

ஒருநாள் நான் ஆற்றிலிருந்து வந்தபோது அடுக்களையில் உளுந்தங்களி மணந்தது. கருப்பட்டிப் பாகும் நல்லெண்ணெயும் மினுங்க மினுங்கக் கிண்டிய களி. நடுவில் குழி போட்டு, குழி நிறைய எண்ணெய் விட்டு, "தின்னு மக்களே," என்றார்.

'ஏட்டி', 'மக்களே' ஆனது அன்றைக்கு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. தின்றேன். மறுநாள் முருங்கைக்கீரை, அதற்கு மறுநாள் நெய்யில் முக்கிய முறுக்கு, பிறகு மறுபடியும் களி. தின்னும்வரை பக்கத்திலேயே நிற்பார். நான் தொழுவத்துக்குப் போய்ப் பூனை தின்னும்வரை பக்கத்தில் நிற்பேன். ஒரு மாதத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் கன்னம் வந்தது. மயிர் மினுங்கியது. பூனை நடந்தால் அந்தத் துள்ளல் இருந்தது. நான் நடந்தாலும் இருந்திருக்கும்.

வைகாசியில் பூனைக்குக் கடுவன் தேடும் காலம் வந்தது. மாமனார் பஞ்சாங்கத்தைப் புரட்டி, தும்மி, தேய்பிறை என்று அறிவித்தார். பத்தாய அறையில் போட்டுப் பூட்டினார். உள்ளே பூனை பாடியது. வெளியே ஓட்டின் மேல் இரண்டு கடுவன்கள் பதில் பாடின: அடுத்த தெருவிலிருந்து சட்டித்தலை மஞ்சள் ஒன்று, கோயிலிலிருந்து காது கிழிந்த வெள்ளை ஒன்று. பட்டப்பகலில் ஒன்றையொன்று பிராண்டி, ஓட்டைச் சரித்து, முற்றத்து அண்டாவுக்குள் விழுந்து, நனைந்த கோபத்தோடு மறுபடி ஏறின. மூன்றாம்பிறை பார்த்த மறுநாள் காலையில் மாமனார் கதவைத் திறந்துவிட்டார். பூனை அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓடியது.

வயிறு தெரிந்த நாளிலிருந்து வீட்டில் ஒரே கணக்கு. மாமியார் இரண்டு உள்ளங்கையாலும் பூனையின் வயிற்றைத் தாங்கிப் பார்த்து மூன்று என்றார். மாமனார் வளர்பிறைத் திதியைக் கூட்டிக் கழித்து நான்கு என்றார். கடப்புறத்துக்காரி மதிலுக்கு அந்தப் பக்கம் எக்கி நின்று ஒரு பார்வை பார்த்து, ஐந்துக்குக் குறைந்தால் தன் கடவத்தைத் தூக்கி ஆற்றில் எறிந்துவிடுவதாகச் சொன்னாள். என் வீட்டுக்காரர் எண்ணிக்கை சொல்லவில்லை. சைக்கிள் மணியை மட்டும் ஒரு தரம் அடித்தார். எனக்கு ஐந்து வேண்டும். நான்கு வந்தால் எந்த வீட்டை விடுவது என்று மாமியார் யோசிப்பார். இரண்டு வந்தால் பூ வண்டியை யோசிப்பார்.

ஆடி பிறந்தது. ஆரல்வாய்மொழிக் கணவாயைப் பிளந்துகொண்டு காற்று வந்தது. வாழை கிழிந்தது, துணி பறந்தது, வைக்கோல் போரின் உச்சி கலைந்து தெருவெல்லாம் பொன்னாக ஓடியது. அப்படி ஒரு காலையில் பூனையைக் காணவில்லை. பத்தாயத்துக்குப் பின்னால் இல்லை, நெல் குதிருக்குள் இல்லை, மாமியாரின் சேலைப் பெட்டிக்குள்ளும் இல்லை. கைவிட்டுவிட்டாயா என்பதுபோல மாமனார் பஞ்சாங்கத்தைப் பார்த்தார். மாமியாரும் நானும் தொழுவத்துக்குப் போனோம். காற்று ஒரு நொடி நின்றது. தலைக்கு மேலே உத்திரத்திலிருந்து, நூல் இழைபோல, மெல்லிய சத்தங்கள். ஒன்றல்ல.

"ஏணியைப் போடு," என்றார் மாமியார்.

ஏறினேன். ஏறும்போதே தெரிந்துவிட்டது. தகர மூடியைக் காற்று தள்ளியிருந்தது. கருவாட்டுக் கடவத்துக்குள், அத்தனை வாசனைக்கு நடுவில், உலகத்தில் இதைவிடப் பத்திரமான இடம் இல்லை என்று முடிவு செய்து என் பூனை பெற்றிருந்தது. எத்தனை என்று எண்ணக்கூட எனக்குத் தோன்றவில்லை. கீழே இரண்டு கை நீண்டு நின்றது. "அப்படியே இறக்கு மக்களே, பைய, பைய." வேறு வழியில்லை. கடவத்தைக் கடவமாக அவர் கையில் இறக்கினேன்.

அவர் அதைத் தரையில் வைத்துக் குனிந்தார். எண்ணத் தொடங்கினார். விரலால் தொட்டுத் தொட்டு: ஒண்ணு, ரெண்டு. மூணு. குரல் ஏறியது. நாலு. அஞ்சு. பூனையின் பின்னங்காலைத் தூக்கினார்; கீழே இன்னொன்று, எல்லாவற்றிலும் சிறியது, மூன்று நிறமும் உள்ளது. ஆறு. அவர் முகம் விளக்கேற்றினதுபோல ஆனது. ஆனந்தத்தில் ஒரு நெடிய மூச்சு இழுத்தார்.

இழுத்த மூச்சு உள்ளேயே நின்றது.

அந்த மூக்கைப் பற்றி முன்னமே சொல்லியிருக்கிறேன். கடவத்தைப் பார்த்தார். தன் விரலை முகர்ந்தார். வைக்கோலுக்குள் கிடந்த நெத்திலித் தலை ஒன்றை எடுத்துப் பார்த்தார். என் தலையில் இருந்த பிச்சியைப் பார்த்தார். ஒவ்வொன்றாக அவருக்குள் வந்து சேர்வதை ஏணியின் நடுப்படியில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பொத்திய முந்தானைக்குள்ளிருந்து இன்னொரு தரம் எண்ணினார். ஆறுதான்.

"மாத்துத் துணி எடு," என்றார். "ஆத்துக்குப் போவோம்."

அவர் முன்னே, நான் பின்னே. காற்று இரண்டு பேர் சேலையையும் பாய்மரமாக்கித் தள்ளியது. படித்துறையில் இறங்கி, கழுத்தளவு தண்ணீரில் நின்று, மூன்று முழுக்குப் போட்டு எழுந்து, முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக் கேட்டார்:

"நாப்பத்தொரு நாளும் நீ குளிச்சது பிள்ளை வேணும்னு இல்லியா?"

"பிள்ளை வேணும்னுதான் அத்தை," என்றேன். "பூனைக்கு."

அவர் என்னைப் பார்த்தார். எதிரே மலை கலைந்து கலைந்து ஆடியது. முதலில் தோள்தான் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். எட்டுப் பெற்ற அந்தப் பெரிய உடம்பு முழுவதும் சிரித்ததில் பழையாறு வளையம் வளையமாகக் கரைக்குப் போய் மோதியது. "எம்புட்டு உளுந்து," என்றார் மூச்சு வாங்க, "எம்புட்டு எண்ணெய், சவமே, எம்புட்டுக் கருப்பட்டி." நானும் சிரித்துவிட்டேன். கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் நாங்கள் மருமகளும் மாமியாருமாக இல்லை.

கரையேறித் தலையைத் துவட்டும்போது தீர்ப்புச் சொன்னார். வீட்டுக்குள் கருவாடு வரக் கூடாது. தொழுவம் வீடு இல்லை. பூனை பிடிக்கிற எலியை இனி யாரும் பிடுங்கக் கூடாது. பூ வண்டிப் பேச்சை அவர் எடுக்கவில்லை. பிறகு எப்போதும் எடுக்கவில்லை.

ஆறு குட்டியில் இரண்டு மஞ்சள், இரண்டு வெள்ளை, ஒன்று பட்டை, கடைசி மூன்று நிறம். சட்டித்தலைக்கும் காதுகிழிந்ததுக்கும் ஒரே பேற்றில் பங்கு உண்டு என்று கடப்புறத்துக்காரி மதிலுக்கு மேலே விளக்கியபோது, மாமியார் சிவசிவா என்று காதைப் பொத்திக்கொண்டு, விரல் இடுக்கு வழியாக முழுவதும் கேட்டார். ஆறுக்குக் காரணம் மீன் என்றாள் அவள். வளர்பிறை என்றார் மாமனார். தான் பிடிவாதமாகத் திருப்பி அனுப்பாமல் வைத்திருந்ததுதான் என்றார் மாமியார், சிரிக்காமல்.

அதற்குப் பிறகு எத்தனையோ பூனைகளோடு இருந்திருக்கிறேன். இப்போது எனக்குத் தெரிந்த வரையில், மீனுக்கு அவ்வளவு பெருமையும் சேராது. தலையீற்றில் அதுவே ஒரு குட்டி. தனக்கே வளர உடம்பு போதாத வயதில் ஒன்றுக்கு மேல் எங்கிருந்து வரும்? அடுத்த பேற்றுக்கு நடுவில் மூன்று மாதம் ஓய்வு இருந்தது. வெயில் நீண்ட காலம். பாலூட்டி இளைத்த உடம்பை மறுபடி தேற்றிய தீனி. எல்லாம் கூடி வந்தது. மடப்பள்ளிக்குப் போன மூத்த மகள் நாள் முழுக்கப் பொங்கல் தின்று வருஷத்துக்கு மூன்று பேறு பெற்று, ஒவ்வொரு தரமும் ஒன்றும் இரண்டுமாகப் போட்டது. என் பூனையும் கிழடானபோது ஆறு நாலாகி, நாலு இரண்டாகி, கடைசியில் மறுபடி ஒன்றில் வந்து நின்றது. நான் பெற்றது மூன்று. மாமியாருக்கு அதுவும் குறைவுதான். ஆனால் உளுந்தங்களிக் கணக்கில் அதையும் எழுதிக்கொண்டார்.

புரட்டாசியில், கன்னிப்பூ அறுப்புக்கு முந்தின வாரம், ஐந்து வீட்டிலிருந்தும் ஆட்கள் கூடையோடு வந்தார்கள். மாமியார் வாசலில் நின்று ஒவ்வொரு கூடையிலும் ஒரு குட்டியை வைத்தார். வைத்துவிட்டு அந்தந்த வீட்டுப் பெண்ணைக் கையைப் பிடித்துத் தொழுவத்துப் பக்கம் அழைத்துப்போய், காதோடு ஏதோ சொன்னார். கேட்டவர்கள் முதலில் நெஞ்சில் கை வைத்தார்கள். பிறகு கூடைக்குள் பார்த்தார்கள். பிறகு தலையாட்டினார்கள். கடைசிக் குட்டியை ஒருத்தி ஆசையாகக் கேட்டாள். "இந்த ஒத்தை இங்கயே நிக்கட்டும்," என்று மாமியார் அதை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டார்.

அந்த ஐப்பசியில் கடப்புறத்துக்காரியின் தலையில் பெரிய கடவத்துக்கு மேல் சின்னக் கடவம் ஒன்று கூடுதலாக ஏறியது. சைவத் தெருக்களின் பின் சந்துகளில் அவள் இப்போது விடுவிடென்று போவதில்லை. ஐந்து இடத்தில் நின்று நின்று போனாள். மாதாவுக்கு மாலை பெரிதாகிக்கொண்டே வந்தது.

ஒருநாள் மத்தியானம் வழக்கம்போல ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்றாவது ஒருத்தி வந்தாள், பின்னாலேயே இன்னும் இரண்டு பேர். ஐந்து வீட்டு மருமகள்கள், ஐந்து தலை கொள்ளாப் பிச்சி. யாரும் யாரையும் என்ன இந்த நேரத்தில் என்று கேட்கவில்லை. விரல்களை மஞ்சளில் தேய்த்துக்கொண்டு, ஒருத்தி மற்றவள் முகத்தைப் பார்க்காமல் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். அயிரைக்குஞ்சுகள் எந்த விரலுக்குப் போவது என்று தெரியாமல் எங்களுக்கு நடுவில் அங்குமிங்கும் ஓடின. முதலில் சிரித்தவள் யார் என்று நினைவில்லை. மலை அன்றைக்கு வெகுநேரம் தண்ணீருக்குத் திரும்பி வரவில்லை.